பாக்கி ஐந்து வேற்றுமை

"மூணுதானா?" என்றார் அப்பய்யா.

"மூணுதான்யா," என்றான் வேங்கடபதி. "இங்கிலீஷ்ல வேற்றுமை மூணோட முடிஞ்சுபோச்சு."

"தமிழ்ல எட்டு இருக்காமே?"

வேங்கடபதிக்குச் சுருக்கென்றது. அப்பய்யா அருப்புக்கோட்டையில் பெரிய நூல் வியாபாரி. மில்லிலிருந்து வரும் ஒவ்வொரு நூல் கட்டையும் பிரித்து, உள்ளே இருக்கும் சிட்டங்களை, அதாவது நூல் சுருள்களை, எண்ணிப் பார்த்த பிறகுதான் சரக்குக் கிட்டங்கியில் ஏற்றுவார். ஒரு சிட்டம் குறைந்தாலும் சரக்கு கொண்டுவந்த ஆளை அங்கேயே உட்கார வைத்துவிடுவார். குறைந்தது வந்து சேரும்வரை அந்த ஆளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு, வெளியே போக அனுமதி கிடையாது. "எண்ணிக்கை குறையிறவனோட எனக்கு யாவாரமும் கிடையாது, உறவும் கிடையாது" என்று கடைவீதியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

வேங்கடபதி எதிர்பார்த்துக்கொண்டிருந்ததே அந்த உறவைத்தான்.

மதுரை ஏஜெண்டுகள் தன் எதிரிலேயே இங்கிலீஷில் பேசிச் சிரிக்கிறார்கள் என்ற கடுப்பில், ஐம்பது வயதுக்கு மேல் அப்பய்யா இங்கிலீஷ் படிக்க ஆரம்பித்திருந்தார். பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த வேங்கடபதி வாத்தியாராக வந்தான். இருவர் வீட்டிலும் கன்னடம்தான். ஆனாலும் படிப்பு என்று உட்கார்ந்தால் தமிழில்தான் பேச வேண்டும் என்பது அப்பய்யாவின் உத்தரவு. படிப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

வந்த இடத்தில் வேங்கடபதி அவர் மகள் சௌடேஸ்வரியைப் பார்த்தான். எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண். தினமும் மோர்ச் செம்பைக் கொண்டுவந்து வைப்பாள், தரையைப் பார்த்தபடியே திரும்பிப் போவாள். அவள் நிமிர்ந்து பார்த்தால் சொல்வதற்காக அவன் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ஊசிப்போய்க்கொண்டிருந்தன. பாடத்தைக் கௌரவமாக முடித்து, அப்பய்யா மனம் குளிர்ந்திருக்கும் வேளையில் பெண் கேட்டுவிடுவது என்பது அவன் திட்டம். வேற்றுமைதான் கடைசிப் பாடம்.

அது நன்றாகத்தான் ஆரம்பித்தது. "ஒரு ஆளு வேலை செஞ்சா ஹீ. அவன்மேல வேலை நடந்தா ஹிம். அவனுக்குச் சொந்தம்னா ஹிஸ்," என்று முதல் நாள் சொல்லிக் கொடுத்தான்.

"அடிச்சவன் ஹீ, அடிபட்டவன் ஹிம்மு, அடிச்சவன் கம்பு ஹிஸ்ஸு," என்றார் அப்பய்யா.

வேங்கடபதிக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு ராத்திரிதான். மறுநாள் காலையில் இந்த 'மூணுதானா' வந்து நின்றது.

"வெள்ளைக்காரன் அவ்வளவுதான் வச்சிருக்கான்யா."

"அம்புட்டுத் தேசத்தை ஆண்டவன் மூணை வச்சுக்கிட்டா ஆண்டான்? எட்டு வர வேண்டிய எடத்துல மூணு வந்தா அதுக்குப் பேரு என்ன தம்பி?"

"மிச்சம் அஞ்சும் ஒட்டி வராதுய்யா. டு, ஃப்ரம், இன் அப்படின்னு தனித்தனி வார்த்தையா முன்னாடி வரும்."

"அப்ப கட்டா வரல, உதிரியா வருது. வழியில எத்தனை விழுந்துச்சோ," என்றார் அப்பய்யா.

அடுத்த நாள் இன்னும் விவரமாக வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ஹீக்குத்தான் மூணு சட்டையாம். மெர்ச்சண்ட்னு சொன்னா, அடிச்சாலும் மெர்ச்சண்ட், அடிபட்டாலும் மெர்ச்சண்ட்டாமே. நெசமா?"

வேங்கடபதிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "நெசந்தான்யா. சொந்தம்னு வரும்போது மட்டும் மெர்ச்சண்ட்ஸ்னு ஒரு வாலு முளைக்கும்."

"ஆக ரெண்டு. நேத்து மூணுன்னே."

மூலையில் ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த வேலைக்காரி ஒச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கடைவீதியில் எவனோ போட்டி வாத்தியார் ஓதிக்கொடுக்கிறான் என்று வேங்கடபதி முடிவு கட்டினான்.

அதற்கடுத்த நாள் விளி வேற்றுமை வந்தது.

"அது இல்லாம வெள்ளைக்காரன் பொண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவான்?"

"பேரைச் சொல்லித்தான்யா."

"அவ அவனை?"

"அவளும் பேரைச் சொல்லித்தான்."

"நல்லவேளை, வெள்ளைக்காரன் ஊரைப் பாக்கப் போயிட்டான்," என்றார் அப்பய்யா.

மோர் வைக்க வந்த சௌடேஸ்வரியின் தோள் குலுங்கியது. இவளும் சிரிக்கிறாளே என்று வேங்கடபதி நொந்து போனான்.

அன்றே பஸ் ஏறி மதுரைக்குப் போனான். பழைய புத்தகக் கடைகளில் தூசியைத் தின்று, அட்டை கிழிந்த ஓர் இலக்கணப் புத்தகத்தைக் கண்டுபிடித்தான். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் யாரோ எழுதியது. அதில் மூன்றுக்குப் பதிலாக ஐந்து போட்டிருந்தது. விளியும் இருந்தது. திரும்பி வரும்போது காரியாபட்டியில் பஸ் நின்ற நேரத்திலும் அவன் டீ குடிக்க இறங்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக் காத்துக்கொண்டு வந்தான்.

"அய்யா, அஞ்சு இருக்கு. பாருங்க," என்று மறுநாள் விரித்து வைத்தான்.

அப்பய்யா பார்த்தார். அவர் முகம் மலரும் என்று நினைத்தவன் அது கறுப்பதைக் கண்டான்.

"மொதல்ல மூணுன்னே. அப்புறம் ரெண்டுன்னே. சரக்கே கிடையாதுன்னு சொன்ன வாயால இப்ப அஞ்சுங்கிறே. மதுரைக்குப் போயி ரெண்டு கொண்டாரத் தெரிஞ்சவனுக்கு, பாக்கி மூணும் எங்க இருக்குன்னு தெரியாதாக்கும்?"

"சத்தியமா இல்லய்யா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாக. வெளிய விட்டா திரும்பி வர மாட்டாக." அப்பய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். "எட்டும் வந்து சேர்ற வரைக்கும் நீ இந்த வீட்டை விட்டு நகரக் கூடாது. மேல ரூமு காலியாத்தான் கெடக்கு, அங்க இரு. ஒச்சம்மா, இவருக்கு ஒரு பாயி தலகாணி கொண்டு போய்க் குடு."

பிறகு உள்ளே பார்த்துக் கன்னடத்தில், இனிமேல் ஓர் ஆளுக்குச் சேர்த்து உலை வைக்கச் சொன்னார்.

வேங்கடபதி மாடிப்படி ஏறினான். இங்கிலீஷுக்கு எட்டு வேற்றுமை இந்த ஜன்மத்தில் வரப்போவதில்லை. தலை நரைக்கும்வரை இந்த அறையில் உட்கார்ந்து மோர் குடிக்க வேண்டியதுதான். பெண்ணும் போச்சு, மானமும் போச்சு. அழுகை வரும்போல இருந்தது. மூலையில் கிடந்த ஒரு நூல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

ஒச்சம்மாள் பாயோடு வந்தாள்.

"அய்யாவுக்கு இதையெல்லாம் எவன் சொல்லிக் குடுக்கிறான் ஒச்சம்மா? கையில மட்டும் கெடச்சான்னா தொலைச்சுப்புடுவேன்."

ஒச்சம்மாள் தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"தொலைச்சுராதீக தம்பி, மூணோட பாடம் முடிஞ்சா நீங்க போயிருவீகளேன்னு, நம்ம சௌடேஸ்வரிதான் அப்பாவுக்குச் சோறு போடுறப்பல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்துச்சு."