மினுக்கிய ஓட்டக்காரன்

சுத்தம் சோறு போடும் என்பார்கள். என் விஷயத்தில் அது ஒரு முதியவரின் சோற்றில் மண்ணைப் போட்டது.

சண்டிலிப்பாயில் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு நான் செயலாளராக இருந்த காலம். (வேறு எவரும் முன்வரவில்லை.) மைதானத்து வாசலில் ஒரு வெண்கல ஓட்டக்காரன் நின்றான். கந்தப்பு என்ற சித்திர மாஸ்டர் இளமையில் வார்த்த சிலை. அவருடைய மற்றச் சிலைகளெல்லாம் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான்.

ஒருநாள் மாஸ்டர் கனடாவிலிருந்து போன் எடுத்தார்.

"தம்பி, சாகமுந்தி என்ரை ஓட்டக்காரனை ஒருக்காப் பார்க்கோணும். வாற வெள்ளிக்கிழமை வாறன்."

போனை வைத்துவிட்டு மைதானத்து வாசலுக்கு ஓடினேன். ஓட்டக்காரன் உச்சி முதல் உள்ளங்கால் வரை பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறி நின்றான். பெற்றவர் வந்து பார்த்தால் எங்களை என்ன நினைப்பார்? குத்துவிளக்கு மினுக்கத் தெரிந்தவனுக்கு இதென்ன பெரிய வேலை! இரண்டு கிலோ பழப்புளி, ஒரு வாளி சாம்பல், தேங்காய்த் தும்பு. இரண்டு நாள் தேய்த்தேன்.

"இஞ்சையப்பா, அவரைக் கேட்டிட்டோ செய்யிறியள்?" என்றாள் மனைவி.

(கேட்டிருக்கலாம்தான். மூளை என்ற ஒன்று இருந்திருந்தால்.)

வெள்ளிக்கிழமை காலை, கலியாண மாப்பிள்ளை மாதிரிப் பளபளத்தவனுக்கு மாலையும் போட்டுவைத்தேன். மாஸ்டர் தடியூன்றி வந்தார். சிலையைக் கடந்து மைதானத்துக்குள் போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்கை தம்பி, என்ரை ஓட்டக்காரன்?"

பல்லெல்லாம் தெரியக் கைகாட்டினேன். திரும்பி வந்து அவன் முதுகைத் தடவினார்.

"நான் பாதிதான் செய்தனான். மிச்சத்தை மழையும் காத்தும் செய்யட்டும் எண்டுதான் வெளியிலை நிப்பாட்டினனான். அம்பது வருசத்திலை என்ன நிறம் வந்திருக்கெண்டு பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தனான்."

நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். பாழாய்ப்போனது விழுங்கவில்லை.

"ஐயோ மாஸ்டர், அது திரும்ப வராதோ?"

"ஏன் வராது? வரும். இன்னொரு அம்பது வருசம் எடுக்கும்." தடியை ஊன்றிக்கொண்டார். "எனக்கு எண்பத்தொண்டு."

அவர் வாகனத்தில் ஏறிப் போனதும், சிலையின் காலடியில் குந்தியிருந்து குழறி அழுதேன்.

அது நடந்து பதினைந்து வருடமாகிறது. மாஸ்டர் இப்போது இல்லை. ஓட்டக்காரனின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு விரலளவுக்குப் பச்சை வந்திருக்கிறது. ஆனால் இன்றைக்கும் யாரோ வருகிறார்கள் என்று வீட்டில் நான் தூசி தட்டத் துணியை எடுத்தால் போதும், மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்:

"இஞ்சாருங்கோ, வாறவருக்கு எத்தினை வயசெண்டு முதல்லை கேட்டனீங்களோ?"