வரதன் இறுக்கிய போல்ட்டு

இந்த ஞாயிற்றுக்கிழமை சகலை சுப்பராயன் வாயில் மாட்டுவதில்லை என்று வரதன் வியாழக்கிழமையே சபதம் எடுத்துவிட்டான். திருமழிசையில் மச்சான் மகளுக்குக் காதுகுத்து. சுப்பராயன் வருவார். பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார். மனுஷன் நல்லவர், லேத் பட்டறை வைத்திருக்கிறார், வாயைத் திறந்தால் மட்டும் மூட மாட்டார். போன கல்யாணத்தில் அவர் பிடித்துக்கொண்டதில் வரதன் மூன்று பந்தியைக் கோட்டைவிட்டு, வெறும் தாம்பூலப் பையோடு ஐயப்பன்தாங்கல் திரும்பினான்.

அந்த வயிற்றெரிச்சல்தான் வழி காட்டியது. காரின் முன் சக்கர ஷாக் அப்சார்பர் ஒரு மாதமாகவே லொடலொடத்துக்கொண்டிருந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினான். ஷாக்கைக் கீழே பிடித்திருந்தவை இரண்டு போல்ட்டுகள். ஒன்று தெரியாத்தனமாகக் கையோடு வந்துவிட்டது. இன்னொன்றில் பதினொரு வருஷத் துரு. வரதன் அதில் ஸ்பேனரை மாட்டி, இறுக்குகிற பக்கமாகவே தன் பலத்தையெல்லாம் காட்டினான். பல்லைக் கடித்தான். முனகினான். வியர்வை நிஜமாகவே வந்தது.

பட்டுப்புடவையில் அகல்யா வந்து நின்றாள். கல்யாணத்துக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு வருஷம் பம்புகளுக்குப் போல்ட்டு பூட்டியவள். புருஷனைப் பார்க்கவில்லை, ஸ்பேனரையே பார்த்தாள்.

"இன்னாங்க, கயல மாட்டேங்குதா?"

"அசையவே மாட்டேங்குது. நீ பஸ்ல போயிடேன்."

"நீங்களும் வாங்க."

"வண்டிய இப்டி ஜாக்கில தொங்கவுட்டு எப்டி வர்றது? பக்கத்துல ஆளு இருந்தே ஆவணும்."

"ஆமா, தனியா வுடக்கூடாது," என்று அகல்யா உள்ளே போய் யாருக்கோ போன் பேசினாள்.

வரதனுக்கு அவளை நினைத்தால் பாவமாக இருந்தது. பட்டுப்புடவையோடு பஸ்ஸில் நசுங்குவாளே என்று உண்மையிலேயே வருந்தினான். வருந்திக்கொண்டே, மத்தியானம் பிரியாணி எந்தக் கடையில் வாங்கலாம் என்றும் யோசித்தான்.

அரை மணியில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது அகல்யாவின் அக்கா. பக்கத்துக் கதவைத் திறந்து சுப்பராயன் இறங்கினார். கையில் ஒரு நீள இரும்புப் பைப்பு, ஒரு ஆயில் டப்பா, ஒரு ஸ்டூல்.

"இன்னா சகல! போல்ட்டு மாட்டிகிச்சுன்னு சொன்னதும் காதுகுத்தாவது ஒண்ணாவதுன்னு ஓடியாந்துட்டேன்!"

"ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? விசேஷத்துக்குப் போங்க..."

"அத அக்காவும் நானும் பாத்துக்கறோம்," என்று அகல்யா முன் சீட்டில் ஏறினாள். கண்ணாடியை இறக்கி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "அடுத்த வாட்டி இடது பக்கமா திருப்புங்க."

கார் போய்விட்டது. வரதன் பாய்ந்து போய் ஸ்பேனரை இடது பக்கம் திருப்பினான். அத்தனை நேரம் இறுக்கிய போல்ட்டு இப்போது சத்தியமாகவே அசையவில்லை.

சுப்பராயன் அவனை நகர்த்திவிட்டு, போல்ட்டின் மேல் தாராளமாக ஆயில் அடித்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

"முக்காத சகல. ஆயிலு உள்ள எறங்க சாயந்தரம் ஆவும். அதுவரைக்கும் பேசிகினு இருப்போம்."