செமியின் அக்கா பின்னிய பாய்

வாக்குத் தவறாதவன் என்று பெயர் எடுத்தவர்களிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். ஒரு காலத்தில் நானும் அப்படிப்பட்ட ஆள்தான்.

எழுபதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து, மின்கம்பி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தேன். ஒற்றை அறையில் தனி வாசம். சனி, ஞாயிறுகளில் என்னோடு பேசியது வானொலி மட்டும்தான் (அதுவும் குதிரைப் பந்தயம்). ஊரில் மங்கையை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். "அங்க போய்க் குடிக்கத் தொடங்கினால் கலியாணம் இல்லை" என்று எழுதியிருந்தாள். தொடமாட்டேன் என்று பதில் போட்டேன்.

தொழிற்சாலையில் எனக்கிருந்த ஒரே நண்பன் செமி. பிஜித் தீவுக்காரன். அவித்த மரவள்ளிக் கிழங்கில் பாதியை மதியத்தில் எனக்குத் தருவான். அந்த ஒக்டோபரில், பிஜி விடுதலை நாள் கொண்டாட்டத்துக்கு ஒரு தேவாலய மண்டபத்துக்குக் கூட்டிப்போனான். என்னிடமிருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மற்ற எல்லாரும் பூச்சட்டை. செமியின் தாய் எனக்கு மாலை போட்டு, முன்வரிசையில் தரையில் உட்காரவைத்தார்.

பெரிய மரக்கிண்ணத்தில் சேற்று நிறத்தில் ஏதோ கரைத்தார்கள். முதல் தேங்காய்ச் சிரட்டை விருந்தாளியான எனக்கு.

"என்ன இது?" என்று செமியைக் கேட்டேன். (இருவரின் ஆங்கிலமும் ஒரே தரம்.)

"யங்கோனா. எங்கள் பானம். ஒரே மூச்சில் குடிக்கவேணும்."

"வெறிக்குமா?"

"நாக்கு கொஞ்சம் மரத்துப்போகும்," என்று சிரித்தான்.

அது வேரை இடித்துக் கரைத்த தண்ணீர், சாராயம் இல்லை. இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. பாதிரியார் வர, எல்லாரும் வாசலைப் பார்த்த நொடியில் சிரட்டையை முதுகுக்குப் பின்னால் கவிழ்த்துவிட்டு வாயைத் துடைத்தேன். திரும்பியவர்கள் வெறும் சிரட்டையைக் கண்டு, மரியாதையாக மூன்று முறை கை தட்டினார்கள். நானும் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். அடுத்த சிரட்டையைச் செமி ஒரே மூச்சில் குடித்தான்.

பாதிரியாருக்கு விரிப்பதற்காக, என் பின்னால் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்தார்கள். ஓரமெல்லாம் கம்பளி நூல் கட்டிய அழகான பாய். விரித்தபோது சிவப்பு நூலின் சாயம் கரைந்து நடுவரை ஓடியிருந்தது. செமியின் தாய் முழந்தாளிட்டு அந்த ஈரத்தைத் தொட்டு, விரலை மணந்து பார்த்தார்.

"நான்தான் அம்மா. கை தவறிவிட்டது," என்றான் செமி.

என் பக்கம் அவன் திரும்பவில்லை. நான் மாலையும் கோட்டுமாக, திறப்புவிழாவுக்குக் காத்திருக்கும் சிலை மாதிரி இருந்தேன். (குடித்த செமியின் நாக்கு வேலை செய்தது. குடிக்காத என்னுடையதுதான் மரத்துப்போனது.)

திங்கட்கிழமை அவன் வேறு மேசையில் சாப்பிட்டான். போய் மன்னிப்புக் கேட்டேன். மங்கையின் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"குடிக்கமாட்டேன் என்றிருந்தால் தேநீர் தந்திருப்போம்," என்றான். "அது என் அக்கா பின்னியது. போன வருடம் செத்துப்போனாள்."

அடுத்த வருடம் அவன் ஊருக்குத் திரும்பினான். வழியனுப்பு விருந்து நடந்ததே எனக்குப் பிறகுதான் தெரியும்.

மங்கை வந்த புதிதில் இந்தக் கதையைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இன்றைக்கும் யாராவது எனக்குக் கோப்பையை நீட்டினால், "இந்தாளுக்குப் பின்னால பாய் கீய் கிடக்கோ எண்டு பாத்துக் குடுங்கோ" என்பாள். பிள்ளைகள் அதைத் தங்கள் சிநேகிதருக்கு ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். பாயைப் பின்னியது யார் என்பதை மட்டும் வீட்டில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.