தள்ளுவண்டி டாக்டர்

காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு ஒரு கோபுரத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காத ஒரே ஜீவன் தள்ளுவண்டி டாக்டர்தான். அவள் கண் எப்போதும் அடுத்தவர் கூடையிலேயே இருக்கும். கத்தரிக்காய் மாகறலிலிருந்து வந்ததா, யார் கொண்டுவந்தார்கள், எந்த வழியாக என்று கேட்டுத் துளைத்துவிடுவாள்.

ஊசி போடும் டாக்டர் இல்லை. ஒரு தெருவுக்குச் சாப்பாடு எப்படி வந்து சேருகிறது, அதற்கேற்ப ஊரை எப்படி அமைக்க வேண்டும் என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய வந்து, எங்கள் மாடி அறையில் குடியிருந்த கோயம்புத்தூர்ப் பெண். கீரை வண்டிக்குப் பின்னாலேயே நடந்து நடந்து இந்தப் பெயர் வாங்கினாள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நேரே குழம்புச் சட்டியைத் திறந்து, "ஏனுங்கண்ணா, முருங்கக்காய் எங்க வாங்குனீங்க?" என்பாள்.

முதலில் ரேஷன் அதிகாரி என்று தெருவே நினைத்தது. எதிர்வீட்டு நெசவாளர் கந்தப்பன், பிரியாணி வாசனை வாசல்வரை வீசிக்கொண்டிருக்க, தினமும் வெறும் கஞ்சிதான் என்று சோகமாகச் சொன்னார். அவளும் உச்சுக்கொட்டிவிட்டு, கஞ்சிக்குப் பட்டை, கிராம்பு எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டாள்.

இதற்கிடையில், வண்டிகளையெல்லாம் ஊருக்கு வெளியே புது மார்க்கெட்டுக்குத் துரத்தப்போவதாகப் பேச்சு வந்தது. டாக்டருக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் தெருவில் நெய்வது கோர்வைப் புடவை. கரையையும் உடலையும் கோத்து நெய்ய, தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் எழுந்து போனால் மற்றவரும் சும்மா உட்கார வேண்டியதுதான். அதனால் சாப்பாடுதான் வாசல் தேடி வர வேண்டும். இதை நேரில் காட்டுவதற்காக, நடையாய் நடந்து ஒரு பெரிய அதிகாரியைக் காலையிலேயே அழைத்து வந்தாள்.

வந்து பார்த்தால் தெருவில் ஒரு வண்டி இல்லை. பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் வேறு போட்டிருந்தது.

பக்கத்துச் சந்தில் இட்லிக்காரம்மா மற்ற வண்டிக்காரர்களோடு பயபக்தியாக நின்றிருந்தார். டாக்டர் அழமாட்டாத குறையாக ஏன் என்று கேட்டாள்.

"சாமி பொறப்பாடு வந்தா வண்டிய ஓரங்கட்றது வழக்கந்தானேமா. எம்மாம் பெரிய ஆபீசரு வந்துக்கினு இருக்காரு. மரியாத வாணாமா?"

அதிகாரிக்கு ஏக சந்தோஷம். வண்டிகள் இல்லாமலே தெரு இவ்வளவு அழகாக இருக்கிறதே என்றார். டாக்டருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இப்போது வண்டிகளைக் கூப்பிட்டால் ஏற்பாடு செய்த கூட்டம் என்பார். வேறு வழி தெரியாமல் அவரை எங்கள் வாசலில் உட்காரவைத்துக் காபி கொடுத்தாள்.

டிபன் நேரம் வந்தது. முதலில் கந்தப்பன் தறி நின்றது. அப்புறம் எங்கள் தறி. ஒவ்வொன்றாக நின்று, தெரு முழுக்கச் சத்தம் அடங்கிப்போயிற்று. வாசலில் யார் இருக்கிறார் என்று தெரியாத கந்தப்பன் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்: "இட்லி வண்டி இன்னாச்சுபா? பசி காத அடைக்குது. துன்னாம தறி ஓடாது."

அதிகாரி காபியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைப் பார்த்தார்.

"இதைக் காட்டத்தானுங்க சார் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் அவள்.

வண்டிகள் தெருவிலேயே இருக்கலாம் என்று உத்தரவாயிற்று. அவளும் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் இருந்த எங்கள் மாடி அறையை வாடகைக்குக் கேட்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். எங்கள் வீட்டுப் பெண் வந்தால் தங்க இடம் வேண்டுமே என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.