மெயினுக்குக் கீழே ஒரு கதிரை

வின்சன்டை அடக்கம் செய்துவிட்டு வந்த மூன்றாம் நாள், எங்கள் வீட்டுப் பிளக்கை நானே மாற்றுவதென்று முடிவெடுத்தேன்.

வின்சன்ட் அடுத்த வீட்டுக்காரன். அவன் செத்ததுகூடப் பிளக் மாற்றும்போதுதான். மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைத்தான். பாவம், அவன் மனைவி ஷிராணி, லைட் ஏன் எரியவில்லை என்று போய் மெயினைப் போட்டுவிட்டாள்.

ஆக, ஆபத்து கரண்டில் இல்லை. மனைவியில் இருக்கிறது. மரண வீட்டிலேயே இதைக் கண்டுபிடித்து, நாலு பேரிடம் சொல்லியும்விட்டேன்.

எங்கள் சுவர்ப் பிளக் கறுத்துப் போயிருந்தது. அயர்னைச் செருகினால் சீறும்.

"எலக்ட்ரீஷியன் நிஸாம் தம்பியைக் கூப்பிடுவோங்க," என்றாள் என் தெரேசா.

"நிஸாம் எதுக்கு? வத்தேகம ஃபெக்டரிக்கே வயர் இழுத்தவன் நான்."

"அங்க தராசுல தேயிலைதானே நிறுத்தீங்க."

"நிறுத்துக்கிட்டேதான் இழுத்தேன்."

அது கரண்ட் வெட்டுக் காலம். எங்கள் அம்பிட்டிய பக்கத்துக்குப் பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை வெட்டு. வேலையை அந்த நேரத்துக்கு வைத்துக்கொண்டேன். ஊருக்கே அணைத்ததை எந்த மனைவி போட முடியும்?

"எதுக்கும் மெயினையும் அணைச்சிருங்க."

"கவர்மென்டே அணைச்சிருக்கு. அதுக்கு மேல நீ என்ன அணைக்கப் போற?"

அவள் முன்பக்கம் போனாள். முன்சுவரில் மெயின் போர்டுக்குக் கீழே கதிரையைப் போட்டு, ஜெபமாலையோடு உட்கார்ந்தாள். எனக்காகத்தான் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

பழைய பிளக்கைக் கழற்றினேன். உள்ளே மூன்று வயர். பச்சை வயர் எதற்கென்று தெரியவில்லை. வயர் இழுத்தவன் தாராள மனசுக்காரன் என்று நினைத்து, அதை மடித்து உள்ளே தள்ளினேன். கறுப்பைப் பூட்டினேன். சிவப்பின் செம்பு என் விரல்களுக்குள் இருந்தபோது, ஒன்றரை மணிக்கே எதிர்வீட்டு மிக்ஸி அலறியது.

கரண்ட்.

கை விடவில்லை. விட மறந்துவிட்டது. வின்சன்டின் கறுத்த விரல்கள் ஞாபகம் வந்தன. பெட்டிக்குள் ஜெபமாலையைச் சுற்றி அவற்றை மறைத்திருந்தார்கள். எனக்குப் பிதா, சுதன் வரைதான் வந்தது. மூன்றாமவர் பெயர் வரவில்லை. சாவுக்குக் காத்திருந்தேன். சாகவில்லை. இன்னும் ஒரு நிமிடம் கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

சிவப்பையும் பூட்டி முடித்தபோது நிஸாம் பையோடு வந்து நின்றான். தெரேசா காலையிலேயே போன் பண்ணியிருக்கிறாள்.

"பிந்திட்டீங்க தம்பி. கரண்ட் வந்தும் நான் கையை எடுக்கல்ல."

"வெறுங்கையாலயா, அங்கிள்?"

"எறும்பு கடிச்ச மாதிரி. நான் முறைச்சேன். வந்த வழியே திரும்பிப் போயிட்டுது."

முன்பக்கமிருந்து தெரேசாவின் குரல் வந்தது. "தம்பி, இன்னொரு தரம் பிடிச்சுக் காட்டச் சொல்லுங்க. இப்ப மெயினைப் போடுறேன்."

அப்போதுதான் குசினிப் பக்கம் காது கொடுத்தேன். பிரிட்ஜ் மூச்சு விடவில்லை.

"நீ எப்ப அணைச்ச?"

"நீங்க கவர்மென்டை நம்பினப்ப. எழும்பிப் போனா யாராச்சும் போட்டுருவாங்கன்னுதான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

நிஸாம் சிரித்துக்கொண்டே பிளக்கைத் திறந்தான். பச்சை வயரைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"இது எர்த், அங்கிள். அயர்ன்ல கரண்ட் கசிஞ்சா இதுதான் காப்பாத்தும். நாளைக்கு அப்படிக் கசிஞ்சு ஆன்ட்டி தொட்டா, வின்சன்ட் அங்கிளுக்குப் பக்கத்துக் குழிதான்."

ஆபத்து எதில் இருக்கிறது என்று மறுபடியும் கண்டுபிடித்தேன். இம்முறை வெளியே சொல்லவில்லை.

அலுமாரி மறைத்த பிளக் மூலை இருட்டாக இருந்தது. நிஸாம் என் கையில் டோர்ச்சைத் தந்துவிட்டுக் குனிந்தான். கை நடுங்கியதில் வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது.

தெரேசா கதிரையிலிருந்து எழாமலே சொன்னாள்:

"பயப்படாம பிடிங்க. பேட்டரிதான்."