மாமாவுக்கு இலேசான விஞ்ஞான நாவல்

"இதவிட இலேசா ஒண்டும் இல்லயா மருமகன்?"

மாமனார் உசனார் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்ததும் இன்ஷாப்புக்கு இடியப்பம் தொண்டையில் நின்றது. மாமா வாசிக்கக் கேட்டதற்காக நூலகத்தில் எடுத்த அறுநூறு பக்க விஞ்ஞான நாவல். மாதக்கணக்கில் தாங்கும் என்று நம்பித்தான் கொடுத்திருந்தான். இரண்டே நாளில் திரும்பிவிட்டது.

"ஏன் மாமா, நல்லமில்லயா?"

"நல்லந்தான். தொடக்கத்திலயே ஒரு கணக்கு வருது. ஒளியாண்டு எண்டு எழுதிரிக்கான். அதென்ன?"

இன்ஷாப் காத்தான்குடியில் ஒரு புடவைக்கடை விற்பனையாளன். தூரம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுக்குத் துணியைக் கஜக்கணக்கில் அளக்கிற யார்க்கோல் வழியாகத்தான் தெரியும்.

"அது நீளம் மாமா. கன யார் வரும்."

"எத்தின யார்?"

"ஒரு துணிக்கட்டுக்குள்ள அடங்காது."

உசனார் மருமகனை உற்றுப் பார்த்தார். இன்ஷாப் சம்பலைப் பார்த்தான்.

எல்லாம் கலியாணத் தரகர் பக்கீர் செய்த வேலை. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. தேடிப் பார்த்தார், கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. "மாப்பிளைக்கு ஒரே ஒரு பழக்கந்தான்," என்றார். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. "விஞ்ஞான நாவல் வாசிப்பாரு." சபை மூச்சை விட்டது. அந்த நேரம் பார்த்து மணப்பெண் நிஸ்றா நிமிர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகு உண்மை பேச அவனுக்கென்ன பைத்தியமா?

ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு. ஒரு பேக்கோடும் ஒரு மோட்டார்சைக்கிளோடும் இன்ஷாப் மாமியார் வீட்டில் வந்து இறங்கினான். "துலையாம இரிக்கட்டும் மனெ," என்று மாமி றஸீனா அன்றைக்கே மோட்டார்சைக்கிள் சாவியை வாங்கித் தன் இடுப்புச் சாவிக்கொத்தில் கோர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அது துலையவேயில்லை. அவ்வளவு பத்திரம்.

அந்த வீட்டில் அவனுக்கு இருந்த ஒரே மரியாதை 'வாசிக்கிற மருமகன்' என்ற பெயர்தான். அதுவும் போனால் மிச்சமிருப்பது 'தின்கிற மருமகன்'. நிஸ்றா வேறு தன் சிநேகிதிகளிடமெல்லாம் புருஷனின் அறிவைப் பற்றி அளந்து வைத்திருந்தாள். ஆகவே மாமாவுக்கு இலேசான நாவல் ஒன்று கிடைத்தே ஆகவேண்டும்.

வாவிக்கு அப்பால், பட்டணத்து நூலகத்தில் இராசாத்தி என்ற நூலகர் இருந்தார்.

"எழுத்து பெரிசா இரிக்கணும் அக்கா. கணக்கு வரக்கூடா. ஆக்கள்ட பேர் வாய்க்குள்ள நிக்கணும். ஆனா விஞ்ஞானமா இரிக்கணும்."

"உங்களுக்கா தம்பி?"

"சீச்சீ, மாமாவுக்கு."

இராசாத்தி ஒரு ரோபோ நாவல் கொடுத்தார். அடுத்த நாளே அது மேசைக்கு வந்தது.

"என்ன மாமா, இதிலயும் கணக்கா?"

"இல்ல. ஒரு ரோபோ. சொன்னதையெல்லாம் செய்யிது. திருப்பி ஒரு வார்த்த கேக்கிறல்ல. இதில என்ன புதினம் இரிக்கி?"

"இஞ்ச!" என்று குசினியிலிருந்து மாமியின் குரல் வந்தது. "தேங்கா திருவியாச்சா?"

உசனார் எழுந்து போய்விட்டார்.

இன்னும் இலேசாகக் கேட்டதற்கு இராசாத்தி அக்கா அடுத்த அறைக்குப் போய் மெல்லிய புத்தகம் ஒன்றோடு வந்தார். இன்ஷாப் பக்கங்களை எண்ணிப் பார்த்து மகிழ்ந்துபோனான். அட்டையைப் பார்க்கவில்லை. மாமிதான் பார்த்தார். விண்வெளித் தொப்பி போட்ட முயல் ஒன்று அதில் கரட் தின்றுகொண்டிருந்தது.

"எங்கட மனிசன என்னெண்டு நினச்சிரிக்கிங்க மனெ?"

அன்று முழுக்க உசனார் பேசவில்லை. அவருக்கும் சேர்த்து நிஸ்றா பேசினாள்.

"வாப்பாவ அவமானப்படுத்திட்டிங்க! நீங்க இவ்வளவு வாசிக்கிறீங்க, அதில நல்லதா ஒண்டு எடுத்துக் குடுக்க மனமில்ல!"

இன்ஷாப் முயல் புத்தகத்தைப் பேக்குக்குள் ஒளித்தான். மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மாமா, நான் வாசிச்சதிலயே சரியான இலேசு ஒண்டு இரிக்கி. இப்ப ஆரோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. கதைய மட்டும் சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"ஒரு விண்வெளிக்காரன். தனியாப் போய் ஒரு கிரகத்தில எறங்குறான்."

அதற்குமேல் இன்ஷாப்பிடம் கதை இல்லை. மேலே பார்த்தான். கரண்டு வீணாகுது என்று சொல்லி மாமி மின்விசிறியை நிறுத்தினார்.

"அங்க காத்து இரிக்கி மாமா. ஆனா சுவிச்சு அந்தக் கிரகத்துப் பேரரசிட கையில."

உசனார் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்தார். "பிறகு?"

"ரெண்டாவது நிலா வந்தா கோட்டைக் கேற்றப் பூட்டிருவாங்க. வெளிய நிண்டவன் வெளியதான். மீன் பொரிச்சா நடுத்துண்டு அந்த ஊராக்களுக்கு. வந்தவனுக்கு வால்."

"அநியாயம். அவன் ஏன் திரும்பிப் போகல்ல?"

இன்ஷாப் யன்னலுக்கு வெளியே பார்த்தான். மதிலோரம் பழைய சைக்கிள் ஒன்றில் பாவற்கொடி படர்ந்து பூத்திருந்தது.

"எப்பிடிப் போற? கப்பல்ல கொடி படர்ந்துட்டு. சாவி பேரரசிட்ட."

"யா அல்லாஹ்!" உசனார் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். "தப்பிக்கவே இல்லயா?"

"கடைசி அத்தியாயத்தில ஒரு வழி கண்டுபிடிக்கிறான் மாமா," என்றான் இன்ஷாப், வாய் தவறி.

கதவடியில் நின்ற மாமி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஷாப்புக்கு உயிர் போய் வந்தது.

"நல்ல கத," என்றார் மாமி. "அந்தப் பேரரசி நல்ல கெட்டிக்காரி போல."

பொய் பலித்துவிட்டது. அதுதான் வினை. அடுத்த நாள் காலை உசனார் தொப்பி போட்டு, உடுத்து, வாசலில் நின்றார். "வாங்க மருமகன், லைப்ரரிக்குப் போவம். எனக்கு அந்தக் கடைசி அத்தியாயம் வேணும்."

"கடைக்குப் போகணும் மாமா..."

"லீவு சொல்லுங்க."

மாமி சாவியைக் கழற்றிக் கொடுத்தார். "லுஹர் தொழுகைக்கு முந்தி வந்திரணும், ரெண்டு பேரும்."

நூலகத்தில் உசனார் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். சுவிச்சு, கேற்று, மீன் வால் எல்லாம். மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று இன்ஷாப் இராசாத்திக்குக் கண் காட்டினான்.

"கண்ணுக்கு என்ன தம்பி?" என்றார் இராசாத்தி. பிறகு உசனாரிடம், "அப்பிடி ஒரு நாவல் இஞ்ச இல்ல ஐயா. நானும் கேள்விப்பட்டதில்ல."

"மருமகன் வாசிச்சிரிக்காரே."

"இவரா? இவர் இஞ்ச லைப்ரரிக் காட் எடுத்ததே போன மாசந்தான். எடுத்த புத்தகமெல்லாம் உங்களுக்குத்தான். தனக்கு வேணாம், புத்தகத்தத் திறந்தாலே நித்திர வருது எண்டு சொன்னவர்."

திரும்பும் வழியில் மாமா பின்னால் உட்கார்ந்து தொப்பியைப் பிடித்துக்கொண்டார். இன்ஷாப் மனதுக்குள் பேக்கை அடுக்க ஆரம்பித்தான். நிஸ்றாவின் முகத்தை நினைத்ததும் கண் கலங்கியது. தரகர் அவிழ்த்த பொய்யை நம்பி அவள் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள்.

வாவிக்கு மேலால் போகும் கல்லடிப் பாலம் வந்ததும், "நிப்பாட்டுங்க," என்றார் உசனார்.

மோட்டார்சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, பக்கத்தில் சும்மா கிடக்கும் பழைய பாலத்தின் நடுவரைக்கும் நடந்தார்கள். கீழே வாவியில் ஒருவர் தோணியில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். இன்ஷாப்பால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மாமா, நான் பிறந்ததுக்கு ஒரு விஞ்ஞான நாவலும் வாசிக்கல்ல. அந்தக் கதையும் பொய். நிஸ்றாவுக்கு நானே சொல்றன். மாமிட்ட மட்டும் சொல்லிராதிங்க."

உசனார் பாலத்தின் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கமும் பார்த்தார். காத்தான்குடி ஆட்கள் யாரும் இல்லை என்று கண்டதும் மருமகனின் காதருகே குனிந்தார்.

"விஞ்ஞானத்த விடுங்க மருமகன், சாவிய அவன் என்னெண்டு எடுத்த எண்டு மட்டும் சொல்லுங்க; என்ட சைக்கிள்ட சாவி முப்பது வருஷமா உங்கட மாமிட இடுப்பில கிடக்கி."