முழங்காலைக் காட்டப் போனேன், வாழ்த்து வாங்கி வந்தேன்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே வந்த பயணக் களைப்பில் உங்கள் மனைவி இன்னும் படுத்தே கிடக்கிறாள். மற்றபடி எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் நீங்கள் அங்கிருந்தபடியே பராமரிக்கும் எங்கள் ஊர் மருத்துவமனை இணையதளம் அப்படிச் சொல்லவில்லை.

அந்தத் தளத்துக்குள் நுழைந்ததும் கணினி ஒரு டோக்கன் கொடுக்கும், அதிலுள்ள நோயாளி எண்ணைப் பார்த்துத்தான் மற்ற பக்கங்கள் இவர் இன்னார் என்று நம்பும் என்றீர்கள். அந்த எண் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை, அதனால் கைப்பேசி எண்ணையே அடையாளமாக வைத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டீர்கள். நானும் தலையாட்டினேன். நம் வீட்டில் யார் எங்கே போனாலும் என் எண்ணைத்தான் கொடுப்பார்கள் என்பது நம் இருவருக்கும் உறைக்கவில்லை.

முதலில் உங்கள் அத்தையின் கண்ணாடிப் பவர் எனக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு இல்லாத படியில் கால் வைத்து முழங்கால் பிசகிவிட்டது, சரி, காட்டிவிட்டு வரலாம் என்று போனால் நர்ஸ் கணினியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி கணினியைப் பார்க்கிறார்.

"வாழ்த்துகள் ஐயா, கர்ப்பம் உறுதியாயிருக்கு."

"யாருக்கும்மா?"

"உங்களுக்குன்னுதான் போட்டிருக்கு. கனமா எதையும் தூக்காதீங்க."

தலை சுற்றுகிறது என்றால், "இந்தச் சமயத்துல அப்படித்தான் இருக்கும்" என்கிறார். எக்ஸ்ரே கேட்டால், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கணினி அனுமதிக்காதாம். ஒரு அம்மாள் எழுந்து எனக்கு இடம் கொடுக்கிறார். காத்திருந்தவர்கள் எல்லாம் என் வயிற்றையே பார்க்கிறார்கள். அது எப்பவுமே இப்படித்தான்னு யார்கிட்டப் போய்ச் சொல்ல? முழங்காலை ஒருத்தர் தொட்டுக்கூடப் பாக்கலை!

ஆகவே இதைக் கண்டதும் டோக்கனைப் பழைய எண்ணுக்கே மாற்றவும். தவறினால் பெண் கொடுத்த இடம் என்றும் பார்க்காமல் உங்கள் மேலதிகாரிக்கு எழுதுவேன். சம்பந்தி இருவருக்கும் என் வணக்கம், உங்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
கனமாக எதையும் தூக்கக் கூடாத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்தாள். "ஏங்க, போன வாரம் உங்க நம்பரைக் கொடுத்து அங்க ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு வந்தது நம்ம பொண்ணுல்ல?" என்றாள். இருவரும் உள்ளே ஓடினோம். கேட்டதும் பெண் சிரித்தாள். இத்தனை வருடம் ஏங்கிய செய்தி, எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அவர்கிட்ட நானே நேர்ல சொல்லிக்கிறேன், நீங்க வாயத் திறக்கக் கூடாதுப்பா" என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் வாய் திறக்கவில்லை, தபால்தான் போடுகிறேன். டோக்கன் அப்படியே இருக்கட்டும், அடுத்த ஸ்கேனும் எனக்கே வரட்டும். இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கவே இல்லை. அவள் சொல்லும்போது நன்றாக அதிர்ச்சி அடையவும். எப்படி என்று தெரியாவிட்டால் என்னைக் கேளுங்கள்.